பழைய வாட்சுக்குள் அதன் சொந்த மெஷின்தானா? – கேள்வி பதில்

குளச்சல்: அண்ணாச்சி, அப்பா கல்ஃபில் இருந்து கொண்டுவந்த சீக்கோ 5 ஒண்ணு கிடக்கு. மெஷின் மாத்தியிருக்கான்னு கண்டுபிடிக்கது எப்படி?

பதில்: சீக்கோவில்தான் இது எளிது. பின்மூடியில் கோடுக்கு முன்னால் உள்ள நாலு எழுத்து, உதாரணமா 7009, மெஷினின் காலிபர், அதாவது மெஷின் வகையின் எண். கோடுக்குப் பின்னால் வருவது கேஸின், அதாவது வெளிக்கூட்டின் எண். அதே காலிபர் டயலின் கீழ் விளிம்பிலும் பொடியா இருக்கும், லென்ஸ் வேணும். மூடியைத் திறந்து ரோட்டரை (கை அசையும்போது சுத்தி, தானா கீ கொடுக்கிற தகடு) ஒதுக்கினா மெஷின்மேலேயும் தெரியும். மூணும் ஒத்தா நல்லது. மூடி மட்டும் வேறன்னா மூடியைத்தான் மாத்தியிருப்பாங்க, மெஷினைக் குறை சொல்லாதீங்க. டயலில் எழுத்து தடிச்சு, கோணலா இருந்தா அது மறுபடி அடிச்ச டயல். அதை நம்பி எதையும் முடிவு பண்ண முடியாது.

மூடியில் உள்ள 6 இலக்க சீரியலில் முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓ, என், டி). 7009க்கு 17 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்கிற சின்னக் கல்), இன்னொரு சீக்கோ காலிபரான 7எஸ்26க்கு 21. 7எஸ்26 வந்ததே 1996இல். 1985இல் வாங்கின வாட்சுக்குள் அது இருந்தா மெஷினை மாத்தினதுதான், சந்தேகமே வேண்டாம்.

கடல்காத்து அடிக்கிற திண்ணையில் மூடியைத் திறக்காதீங்க. உப்பு ஈரம் பட்டா ஸ்டெம் (கீ கொடுக்கிற குமிழை மெஷினோட இணைக்கிற தண்டு) பக்கத்து இரும்புதான் முதல்ல துருப்பிடிக்கும்.

மார்த்தாண்டம்: என்னதும் சீக்கோதான், 6309. எப்படிப் பார்க்கணும்?

பதில்: மேலே உள்ளதேதான்.

தக்கலை: எச்எம்டி ஜனதா. கீ கொடுக்கும்போது உரசுது.

பதில்: ஸ்டெம் கேஸின் துளைக்கு நேரா வருதான்னு பாருங்க. உயரம் பொருந்தாத மெஷினை ஏத்தினா இப்படித்தான் உரசும். மெஷினைச் சுத்தி காகிதமோ வெட்டின பிளாஸ்டிக் வளையமோ இருந்தா அளவு வேற. டயலின் அடியில் ரெண்டு கால் இருக்கணும். காலை நறுக்கி பசையில் ஒட்டியிருந்தா, அந்த டயல் இந்த மெஷினுக்கு வந்ததில்லை. எல்லாம் சரியா இருந்தா வளைஞ்ச ஸ்டெம்தான் காரணமா இருக்கும். அது வெறும் ரிப்பேர்.

வடசேரி (ரிப்பேர் வேலை செய்பவர்): பழுதான 7009ஐ எடுத்துட்டு இன்னொரு 7009 போட்டா அதுவும் ஒரிஜினல்தானே?

பதில்: காலிபர் சரி. கூடப் பிறந்த மெஷின் இல்ல.

வடசேரி: யாரும் நிரூபிக்க முடியாதே!

பதில்: முடியாது. சீக்கோ 7009 மெஷினில் தனி சீரியல் கிடையாது. அதனால்தான் அந்த வாட்சில் ‘ஒரிஜினல் மெஷின்’னு சத்தியம் பண்ணி விற்கிறவரைப் பார்த்தாலே உஷாராகணும். ‘சரியான காலிபர்’ வரைக்கும்தான் சொல்லலாம். பழைய ஒமேகா கதை வேற. சீரியல் மெஷின்மேலேயே இருக்கும், மாடல் எண் மூடியின் உள்பக்கம். சீரியல் காட்டுற ஆண்டும் அந்த மாடல் வந்த காலமும் பத்து வருஷம் விலகினா ரெண்டு வாட்சைச் சேர்த்து ஒண்ணாக்கியிருக்காங்க. நீங்க மாத்தினது தப்பில்ல, பில்லில் எழுதிக் கொடுங்க, அவ்வளவுதான்.

வடசேரி: எழுதினா விலை பாதியாகும்.

பதில்: அப்போ ரெண்டும் ஒண்ணு இல்லன்னு உங்களுக்கே தெரியுது.

திங்கள்சந்தை: என் ஃபாவ்ரே லூபா எவ்வளவு போகும்?

பதில்: விலை சொல்லுறதில்ல. டயலில் ‘ட்வின் பவர்’னு இருந்தா உள்ளே ரெண்டு மெயின்ஸ்பிரிங் பேரல் (வாட்சை ஓட்டுற ஸ்பிரிங் சுருண்டிருக்கிற டப்பி) இருக்கணும். ஒண்ணுதான் இருந்தா வாங்காதீங்க.

பூதப்பாண்டி: சீக்கோ மூடி வரமாட்டேங்குது, ஸ்க்ரூடிரைவர் வச்சுத் தட்டலாமா?

பதில்: கூடாது. விளிம்பில் பள்ளம் இருந்தா திருகுமூடி, அதுக்குரிய சாவி வேணும். நழுவின ஸ்க்ரூடிரைவர் ஒரு நொடியில் ஹேர் ஸ்பிரிங்கை (நேரத்தைச் சீரா வைக்கிற மெல்லிய சுருள்) கொண்டுபோயிடும். கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து, மூடியின் உள்பக்கத்தையும் மெஷினையும் படம் எடுத்துட்டு வாங்க. இன்னொரு தடவை சொல்லுறேன், கடல்காத்தில் வேண்டாம்.