வான்நோக்கும் கூட்டத்துக்கு முதன்முறையாகப் போகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

ஜவ்வாது மலையில் அமாவாசையை ஒட்டித் தொலைநோக்கிகளுடன் கூடும் ஒரு குழுவோடு முதன்முறையாகப் போகப்போவதாகவும், யாருக்கும் தொந்தரவாக இல்லாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நகரத்திலிருந்து குடும்பத்தோடு காரில் போகிறீர்கள், சொந்தமாகத் தொலைநோக்கி இல்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் தொழில்முறை வானியலாளன் அல்லன்; எட்டு அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் வைத்துக் கையால் நகர்த்தும் தொலைநோக்கி) ஒன்றை வைத்துக்கொண்டு அதே மலைப்பக்கம் வருகிறவர்களுக்கு வானம் காட்டுகிற சாதாரண ஆர்வலன். ஆகவே இதை விதிமுறையாகக் கொள்ளாமல், ஒருவருடைய அனுபவமாக மட்டும் படித்தால் போதும்.

முதலும் முக்கியமுமானது வெளிச்சம்தான். மங்கிய ஒளியைப் பார்ப்பதற்கென்று நம் விழித்திரையில் உள்ள செல்கள் முழுத் திறனை எட்டுவதற்கு இருட்டில் இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் வெள்ளை வெளிச்சம் சில நொடிகள் பட்டாலே அந்தக் காத்திருப்பு முழுவதும் வீணாகிவிடும். மெல்லிய சிவப்பு ஒளி அந்தச் செல்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பதால்தான் எல்லோரும் சிவப்பு டார்ச் வைத்திருக்கிறார்கள். எதையோ தேடுவதற்காக நடுவில் ஒருவர் கைபேசி டார்ச்சைப் போடுவது, பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் இலையை உருவுவதற்குச் சமம். காரைப் பொறுத்தவரை முகப்பு விளக்கை மட்டும் நினைவில் வைத்தால் போதாது. கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கு, டிக்கி விளக்கு, ரிமோட்டை அழுத்தினால் நான்கு பக்கமும் மின்னும் இண்டிகேட்டர் எல்லாமே கணக்கில் உண்டு. முடிந்தால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்து, வண்டியின் முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி நிறுத்தி, வேண்டிய பொருள்களை அப்போதே வெளியே எடுத்துவைத்துவிட்டுச் சாவியால் பூட்டிவிடுங்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஒரு மே மாத இரவில் நடந்தது இன்னும் மனத்தை விட்டுப் போகாததுதான். கோடை விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பம், எங்கள் குழுவில் ஒருவர் அழைத்ததன்பேரில், இருட்டிய பிறகு வந்து சேர்ந்தது. முகப்பு விளக்கை வாசலிலேயே அணைத்துவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் அவர்களுடைய எட்டு வயதுப் பெண் அணிந்திருந்தது, அடி வைக்கும்போதெல்லாம் குதிகாலில் நீலமும் வெள்ளையுமாக மின்னுகிற ஷூ. ஓரத்தில் கேமராவைப் பொருத்தி ஏதோ ஒரு நெபுலாவை, அதாவது விண்வெளியில் உள்ள வாயு மேகத்தை, படமெடுத்துக்கொண்டிருந்தவர், "படிச்சவங்கதானே சார் நீங்க? இதெல்லாம் சொல்லித் தரணுமா?" என்று அந்தத் தகப்பனாரிடம் கத்தினார். அவருக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பெண் நின்ற இடத்திலேயே உறைந்து நின்றுகொண்டு, "நான் காலைத் தூக்காம நடக்கிறேன் அங்கிள்" என்றாள். என் பெட்டியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் எப்போதும் கிடக்கும்; தொலைநோக்கியில் துருத்திக்கொண்டு எரியும் சிறு விளக்குகளை மறைக்க உதவும். அதை எடுத்து இரண்டு குதிகாலையும் சுற்றியதும் விஷயம் முடிந்தது.

சொல்லித் தரத்தான் வேண்டும் என்பது என் பதில். எந்தப் பள்ளியிலும் எந்தப் பாடத்திலும் இல்லாத ஒன்றைப் புதிதாக வருகிறவர் தானாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? நெபுலா போன்ற மங்கலான தொலைதூரப் பொருள்களைப் படமெடுக்கிறவர்கள் சில நிமிட அளவில் பல படங்களை எடுத்துப் பிறகு ஒன்றாக அடுக்குகிறார்கள். அவற்றில் ஒன்று கெட்டால் அதை நீக்கிவிடலாம். கண்ணால் பார்க்கிறவருக்கு அந்த வசதி இல்லை. இருந்தும் கத்தியவர் படமெடுப்பவர்தான். அவருடைய மடிக்கணினித் திரையோ அன்று இரவு முழுவதும் எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாப் படமெடுப்பவர்களையும் நான் சொல்லவில்லை. திரைக்குச் சிவப்புத் தாள் ஒட்டி, பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களும் எங்களுடன் இருக்கிறார்கள். ஆனால் விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவருக்கே மைதானம் சொந்தம் என்கிற மனோபாவம் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. அப்படி யாராவது உங்களிடம் பேசினால், வெளிச்சத்தை அணைத்துவிட்டு வேறொரு தொலைநோக்கியின் பக்கம் போய்விடுங்கள்; குழு முழுவதும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இனித் தொலைநோக்கியின் அருகே. பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் பாருங்கள்; கேட்டு மறுத்தவரை நான் அநேகமாகக் கண்டதில்லை. குனியும்போது குழாயையோ ஐபீஸையோ (கண் வைத்துப் பார்க்கும் வில்லைப் பகுதி) பிடிமானமாகப் பிடிக்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மங்கலாகத் தெரிந்தால் குவியத்தை (ஃபோகஸ்) திருப்ப அனுமதி கேளுங்கள். கிட்டப்பார்வைக்கு மட்டும் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றிவிட்டுத் தமக்கேற்பக் குவியத்தைச் சரிசெய்துகொள்ளலாம். கொசு விரட்டும் ஸ்ப்ரேயைக் கருவிகளுக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட, கண்ணில் பட்டதை உள்ளபடி சொல்லுங்கள். அன்று தெற்கே ஏறக்குறைய முப்பது பாகை உயரத்தில் நின்ற ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தைத் தொலைநோக்கியில் வைத்திருந்தேன். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அடிவானத்துக்கு மேலேயே வராத அந்தக் கொத்து, சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் இலட்சக்கணக்கான விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் இடம், நம் ஊருக்குக் கிடைத்த கொடை. தகப்பனார் குனிந்து பார்த்து, "சூப்பர் சார், அருமை" என்றார். அடுத்துப் பார்த்த மகள், "ஒண்ணுமே இல்லையே" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. என் டாப்சோனியனில் மோட்டார் கிடையாது. பூமியின் சுழற்சியால் கொத்து எப்போதோ காட்சிப் புலத்தை விட்டு நகர்ந்துபோயிருந்தது. அந்தப் பெரியவர் பார்த்துப் பாராட்டியது வெறும் இருட்டை. மரியாதைக்காகச் சொன்னார் என்பது புரிகிறது. ஆனால் அந்த மரியாதையால் அவர் பார்க்காமலேயே போயிருப்பார். குழாயை நகர்த்தி மீண்டும் கொத்தைக் கொண்டுவந்து, நேராக உற்றுப் பார்க்காமல் சற்றே பக்கவாட்டில் பார்க்கச் சொன்னேன். மங்கலான பொருள்களுக்கு அதுதான் வழி. விழித்திரையின் நடுப்பகுதியைவிடச் சுற்றுப்பகுதிக்கே இருட்டில் மங்கிய ஒளியை உணரும் திறன் அதிகம். இரண்டாம் முறை இருவருமே நீண்ட நேரம் குனிந்திருந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்பதையும் நான் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வண்ணப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஓரியன் நெபுலா சாம்பல் புகையாகத் தெரிந்தால் ஏமாற்றம் வரத்தான் செய்யும். மங்கிய ஒளியில் நம் கண் நிறம் பிரிக்காது என்று விளக்குவது தொலைநோக்கிக்காரரின் வேலை. சனிக்கோளைப் பார்க்கும்போது பெயர்ச்சிப் பலன் கேட்பவர்களும் உண்டு. என்னிடம் கேட்டால் வளையத்தைக் காட்டிவிட்டு, பலன் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவேன். சிலர் இதற்காகவே ஒருவரை நாள் முழுக்கக் கேலி செய்வார்கள். அது எனக்கு உடன்பாடில்லை, அதற்காக நான் சோதிடத்தை ஆதரிப்பதாக யாரும் எழுத வேண்டாம்.

தொலைநோக்கி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டுமா என்றால், வேண்டவே வேண்டாம். வீட்டில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்) இருந்தால் எடுத்துப் போங்கள். முதலில் பிறருடைய கருவிகளில் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். பச்சை லேசர் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விமானங்களுக்கு ஆபத்து, படமெடுப்பவர்களுக்கும் இடைஞ்சல்.

குழந்தைகள் இருப்பதால் நள்ளிரவுக்கு முன்பே கிளம்ப நேரிடலாம் என்றால், வந்தவுடனேயே அதைச் சொல்லி வாசலை ஒட்டி வண்டியை நிறுத்துங்கள். கிளம்பும்போது "வண்டி எடுக்கிறோம், லைட் வரும்" என்று உரக்க ஒரு குரல் கொடுத்து, படமெடுப்பவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் படத்தை முடித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் கேட்டால் கொடுத்துவிட்டு, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டதாகச் சொன்ன பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.