குளத்தைவிட்டு வெளியே வந்த பிறகு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 34. நீரில் நீந்தியபடி ஆடும் பந்தாட்டமான வாட்டர் போலோவில், தேசிய அணியின் சென்டர் ஃபார்வர்டாகவும் தலைவராகவும் இருந்தேன். எதிரணியின் கோலுக்கு எதிரே, முதுகில் ஏறி அழுத்துபவரைத் தாங்கிக்கொண்டே பந்தை வாங்குவதுதான் என் வேலை. தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. இனிப் பந்தை எறியக் கூடாது என்றார் மருத்துவர். சில மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். "இத்தனை பதக்கம் வாங்கிவிட்டாய், நிம்மதியாக இரு" என்கிறார்கள். எனக்கோ அதிகாலையில் விழிப்பு வந்துவிடுகிறது, போக இடமில்லை. பழைய அணி தோற்றால் உள்ளூர மகிழ்ச்சி வருகிறது. அதை நினைத்தால் என்மீதே வெறுப்பு. பயிற்சியாளராக வரச்சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. ஏற்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அந்த மகிழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறேன். அது துரோகம் அல்ல. நீங்கள் இல்லாத குறை அணிக்குத் தெரிய வேண்டும் என்று மனம் ஏங்குகிறது. தாக்குதல் முழுவதும் உங்களைச் சுற்றியே அமைந்தது. உங்களைத் தடுக்கவென்றே எதிரணியில் ஒருவர் இருந்தார். இப்படித் தேவைப்பட்டவருக்கு அந்தத் தேவை திடீரென நின்றுபோனால் வலிக்கத்தான் செய்யும். அலமாரியில் உள்ள பதக்கங்கள் அதை ஆற்றாது.

உடலும் தவிக்கிறது. தரையில் கால் பதிக்காமல், இரு கால்களையும் மாறி மாறிச் சுழற்றியே நீரில் நிமிர்ந்து நின்று பழகிய உடல் அது. கடும் பயிற்சி சட்டென்று நின்றால் தூக்கமும் மனநிலையும் குலையக்கூடும். மருத்துவர் தடுத்தது எறிவதைத்தானே? அவரிடம் கேட்டுவிட்டு, பந்தும் கடிகாரமும் இல்லாமல் நீரில் இறங்குங்கள். அப்படியும் தூக்கமின்மை நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

பயிற்சியாளர் பொறுப்பை இப்போதே ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. ஹங்கேரியின் வாட்டர் போலோ வீரர் டெஜோ ஜியார்மதி 1948 முதல் 1964 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி, மூன்று தங்கம் உட்பட ஐந்து பதக்கங்கள் வென்றார். பயிற்சியாளராக அவர் ஒலிம்பிக் தங்கம் வென்றது 1976-இல். அத்தனை ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனால் அவசரமும் இல்லை. முதலில் ஒரேயொரு இளைய சென்டர் ஃபார்வர்டுக்கு, பதவி எதுவும் இல்லாமல், கற்றுக்கொடுத்துப் பாருங்கள். அவர் பந்தைத் தவறவிடும்போது 'நானாக இருந்திருந்தால்' என்று மனம் கொதித்தால் இன்னும் காலம் வேண்டும். அவருடைய கைகளை எப்படித் திருத்தலாம் என்று யோசனை ஓடினால் அழைப்புக்குச் சம்மதம் சொல்லலாம்.

இன்னொன்று: எனக்கு எழுதியதை உங்களுக்கு மிக நெருக்கமான அணித்தோழர் ஒருவரிடமும் சொல்லுங்கள், தோற்றபோது வந்த மகிழ்ச்சி உட்பட. அவரும் ஒருநாள் ஓய்வு பெறப்போகிறவர்தான்.