நர்ஸ் வேலையிலிருந்து இணையவழி ஆசிரியர் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: பல வருடங்களாக வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எம்.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். தொலைநிலைப் படிப்பு நடத்தும் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக வரச் சொல்கிறார்கள். கேமரா முன்னால் பேசக் கூச்சம். கணினியும் சுமாராகத்தான் வரும். எனக்கு இது சரிப்பட்டு வருமா?

பதில்: கூச்சமும் கணினியும் பெரிய விஷயமே இல்லை, சகோதரி. பழகப் பழகச் சரியாகிவிடும். உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறு: மாணவர் எங்கே தவறு செய்கிறார் என்பதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பீர்களா?

இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவியான சி.பி.ஆர்.-ஐ எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். தேர்வில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். செய்யச் சொன்னால் முழங்கை மடங்கும். அழுத்திய நெஞ்சை முழுதாக மேலெழ விடமாட்டார்கள். கேமரா முகத்துக்கு நேராக இருக்கும்வரை இதெல்லாம் கண்ணில் படாது. "போனைப் பக்கவாட்டில், தரையை ஒட்டி வையுங்கள்" என்று சொல்லத் தோன்றுகிறதே, அதுதான் இந்த வேலைக்கு வேண்டிய திறமை. வார்டில் நின்ற அனுபவம் கைகொடுப்பதும் இங்கேதான். ஆனால் எத்தனை செ.மீ. அழுத்துகிறார் என்பது அப்போதும் தெரியாது. அதற்கு அளவு காட்டும் பயிற்சிப் பொம்மை வேண்டும். "இதைத் திரையில் பார்த்துத் தேர்ச்சி போட மாட்டேன்" என்று நிர்வாகத்திடம் சொல்லும் துணிவும் உங்களுக்கு வேண்டும்.

மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990-ல் நான்கு படிகளைச் சொன்னார்: தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்துகாட்டுவது, பணியில் செய்வது. முதல் இரண்டும் இணையத்தில் நன்றாகவே நடக்கும். மூன்றாவதற்கு நிறையப் பாடுபட வேண்டும். நான்காவது நோயாளி இருக்கும் இடத்தில்தான்.

வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "எஸ் மேம்" என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மணி நேரம். ரத்த அழுத்தம் 80/50, நாடித்துடிப்பு 130. முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எல்லோரும் தட்டச்சு செய்யட்டும். நீங்கள் சொன்ன பிறகே ஒரே சமயத்தில் அனுப்பட்டும். யார் தடுமாறுகிறார் என்பது அப்போது தெரிந்துவிடும். அவருக்குத் தனியாக, தாமதிக்காமல் பதில் எழுதுங்கள். முகம் பார்க்காத மாணவருக்கு "குட்" என்ற ஒற்றைச் சொல்லால் பயனில்லை. எந்தப் படியை விட்டார், விட்டதால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று எழுத வேண்டும்.

நோயாளியின் அந்தரங்கத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சந்தேகம் கேட்கிறேன் என்று புண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் மாணவர்கள் உண்டு. மணிக்கட்டுப் பட்டையில் பெயர் தெரிவதைக்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் வகுப்பிலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

வார்டை முழுதாக விட்டுவிடாதீர்கள். நடைமுறைகள் மாறிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது சில ஷிஃப்ட் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், நேர்முகப் பயிற்சியை எங்கே, யார் நடத்துகிறார்கள் என்பதையும் கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்களுக்குப் பதில் எழுதும் நேரம் வேலை நேரத்தில் சேருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பலர் அதைக் கேட்காமல் விட்டு, ராத்திரியெல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.