ஐஸைத் தொட்டால் கையில் ஷாக் அடிக்கிறது

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோதெரபி வார்டில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது இராயபுரத்தில் வசிக்கிறேன். வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (காசிமேடு): மீன் விற்கிறேன். குடல் புற்றுநோய்க்கு மூன்று முறை மருந்து ஏறியிருக்கிறது. ஐஸ் பெட்டியில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறது; பானைத் தண்ணீர் குடித்தால்கூடத் தொண்டை அடைக்கிறது. மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள், அம்மா. உங்கள் சீட்டில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற பெயர் இருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். குடல் புற்றுநோய்க்கு அடிக்கடி கொடுக்கப்படும் அந்த மருந்து நரம்புகளைக் குளிருக்குக் கூசச் செய்வதால், நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுமே அதனால் வரக்கூடியவை. பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். அதுவரை வெதுவெதுப்பான நீரையே குடியுங்கள். மூச்சு திணறினாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ மட்டும் அது வேறு. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான் அஞ்சுவது மரத்துப்போவதைப் பற்றித்தான். மருந்து ஏற ஏற, குளிர் இல்லாத வேளையிலும் விரல்கள் மரத்து, அது நெடுநாள் நீடிக்கக்கூடும். இரவிக்கையின் கொக்கியை மாட்ட முடியவில்லை, மடியிலிருக்கும் நாணயம் ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த மருந்து ஏறுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைக்கவோ அந்த மருந்தை நிறுத்திவைக்கவோ அவரால் முடியும். பொறுத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவர்களுக்கு எங்களால் எதுவும் செய்ய முடியாமல் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மரத்த விரலில் அரிவாள்மணை பட்டாலும் தெரியாது. கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் மீன் முள் குத்திய இடம்கூடச் சீழ் பிடிக்கலாம். ஆகவே விலை பேசுவது உங்களிடம் இருக்கட்டும். ஐஸ் அள்ளுவதையும் மீன் அரிவதையும் வேறொருவரிடம் விடுங்கள்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): கீமோ முடிந்து பத்தாம் நாள், அம்மாவுக்கு இரவில் 101 டிகிரி காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்துவிட்டுக் காலையில் போகலாமா?

பதில்: கூடாது. மருந்து ஏறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். 100.4 டிகிரியைத் தொட்டாலே, நள்ளிரவானாலும், ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கோப்புடன் செல்லுங்கள். "கீமோ ஏறிப் பத்து நாள் ஆகிறது" என்பதையே முதலில் சொல்லுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கழிவறை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று குழாயடியில் என் குடத்தைக்கூட ஒதுக்கி வைக்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: சகோதரி, இதைப் படிக்கும்போது மனம் வலித்தது. புற்றுநோய் தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே குழாயில் நீர் பிடித்தாலோ பரவாது. நோய் வேறு, மருந்து வேறு என்பதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்: மருந்து ஏறிய பின் சுமார் 48 மணி நேரம் அது சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறுவதால், அந்த இரண்டு நாட்களும் கழிவறையில் இருமுறை தாராளமாக நீர் ஊற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அசுத்தமான துணியைக் கையுறை அணிந்து தனியாகத் துவையுங்கள். இதை நீங்களாகவே முன்வந்து சொன்னால், பயத்தினால் விலகியவர்களில் ஒருவராவது திரும்பி வருவார் என்று நம்புகிறேன்.

கேள்வி (திருவொற்றியூர், வயது 67): எனக்குக் கீமோ ஏறுகிறது. மனைவி இல்லை, மகன் துபாயில். எல்லோரும் "தைரியமாக இருங்கள்" என்கிறார்கள். அதன் பிறகு என்ன பேசுவது?

பதில்: ஐயா, மருந்து ஏறும் நேரம் முழுவதும் சொட்டுகளை எண்ணிக்கொண்டே படுத்திருந்த ஒருவர் எங்கள் வார்டுக்குத் தனியாக வருவார். ஐந்தாம் முறை வந்தபோதுதான், ஊசிக்கோ வாந்திக்கோ தாம் பயப்படவில்லை என்றும், ஆட்டோவில் திரும்பிப் போய் இருண்டு கிடக்கும் வீட்டைத் தாமே திறக்க வேண்டுமே என்பதுதான் பயம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு, தனியாக வருகிற எவரிடமும் வீட்டில் யார் கதவைத் திறப்பார்கள் என்று கேட்காமல் நான் இருந்ததில்லை.

மகனிடம் "நன்றாக இருக்கிறேன்" என்பதை ஒரு வாரம் விட்டுவிட்டு, "நேற்று இரவு பயமாக இருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். கீமோவுடன் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால், அது நின்றதும் மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்கு உடலும் மனமும் சோர்ந்துவிடும். அந்த நாட்களில் தவறாமல் அழைக்கும்படி அவரிடம் கேளுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 முதல் நடைபெறுகிறது. வலியையும் தொல்லைகளையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு என்பதால் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இரவில் மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரம் நீடித்தாலோ, உயிர் எதற்கு என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, வாந்தியைச் சொல்வதுபோல அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

அடுத்த முறை மருந்து ஏற்றப் போவதற்கு முன், நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டு, ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.