நோயாளி அறிவுரையை மீறினால் செவிலியர் மீது வழக்கு வருமா?

நோயாளி சொன்னதைக் கேட்காமல் நடந்து பாதிப்புக்கு உள்ளானால், செவிலியர் சட்டப்படி பொறுப்பாவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால், நீங்களும் வார்டில் நிற்பவர் என்றே தோன்றுகிறது. நான் செவிலியர், வழக்கறிஞர் அல்ல. நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும். ஆயினும், மீறியது அவர்தானே என்று நமக்குள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் பாதிதான் உண்மை என்பதை விசாரணை மேசையின் எதிரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வயிற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒருவரிடம், ஆறு மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்த வேண்டும் என்றும், வெறும் தண்ணீரைக்கூட இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்திவிட வேண்டும் என்றும் இரவுப் பணிச் செவிலியர் விளக்கியிருந்தார். காலையில் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும் முன் நான் படிவத்தை நிரப்பியபோது, நோயாளி "நேத்து ராத்திரி சாப்பிட்டதோட சரி, சிஸ்டர்" என்றார். தலையணையைச் சரிசெய்தேன்; அடியில் பிரித்த பிஸ்கட் பொட்டலம், போர்வை மடிப்பில் துகள்கள். உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு மறுபடியும் கேட்டதும், "ரெண்டே ரெண்டுதான்" என்று ஒப்புக்கொண்டார். மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால், உடனே மயக்கவியல் மருத்துவருக்குத் தெரிவித்தேன். யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னேன் என்பதையும், நோயாளி சொன்ன வார்த்தைகளை அப்படியேயும் கேஸ் ஷீட்டில் எழுதினேன்.

அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. உறவினர்களோ, சாப்பிடக் கூடாது என்று யாருமே சொல்லவில்லை எனப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அறிவுரையைச் சொன்னதோடு, அதை நோயாளியையே திருப்பிச் சொல்லவைத்ததாகவும் இரவுச் செவிலியர் குறித்துவைத்திருந்த ஒரு வரிதான் எங்கள் இருவரையும் காப்பாற்றியது.

மீறலை அறிய வழியே இல்லாதவரை நோயாளியின் பொய் நமக்குச் சாதகம்தான். ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பார்த்த பிறகும் பேசாமல் அனுப்பியிருந்தால், அதன் பின் நேர்வதற்கு அவருடைய பொய்யைக் காரணம் காட்ட முடியாது. அதே இடத்தில் தகுதியுள்ள ஒரு செவிலியர் என்ன செய்திருப்பார் என்பதே நீதிமன்றம் கேட்கும் கேள்வி. நோயாளியின் பங்கும் இருக்கிறது என்று நிறுவப்பட்டால், பல நாடுகளில் இழப்பீட்டுத் தொகை குறையும்; நமது தவறும் நிரூபிக்கப்பட்டிருந்தால் வழக்கு அதனாலேயே தள்ளுபடியாகிவிடாது. குற்றவியல் வழக்கு வேறு. இந்தியாவில் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல், மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் மருத்துவத் துறையினரைக் குற்றவாளியாக்க முடியும் என்றது.

சிகிச்சையை மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. நன்மைக்காகத்தான் என்று கட்டாயப்படுத்தி ஊசி போட்டால் அதுவே நம் மீது வழக்காகும். ஆனால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து குழம்பியிருப்பவரோ, மயக்க மருந்தின் பிடியில் இருப்பவரோ "வேண்டாம்" என்று சொல்வதைத் தெளிந்த மறுப்பாகக் கொள்ள முடியாது. அங்கே மருத்துவரை அழைக்காமல் விடுவதுதான் தவறு. மறுப்பின் விளைவுகளை விளக்காமல் நோயாளியிடம் வாங்கிய கையெழுத்தும் பெரிதாக உதவாது.

குறைகூறுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை: ஒரே நேரத்தில் எத்தனை படுக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை விசாரணையில் யாரும் முதலில் கேட்பதில்லை. ஆள் பற்றாக்குறையை அன்றன்றே எழுத்தில் தெரிவித்திருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே அங்கு இடம் கிடைக்கும்.

ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டதால்தான் கேட்கிறீர்கள் என்றால், பழைய குறிப்பில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். விடுபட்டதை, தாமதமாக எழுதுவதாகக் குறிப்பிட்டு, எழுதும் தேதியையும் நேரத்தையும் போட்டுத் தனியாகச் சேருங்கள். "ஒத்துழைக்கவில்லை" என்று மொட்டையாக எழுதாமல், அவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். மேற்பார்வையாளருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.