கடலுக்கும் சபருக்கும் (வெளிநாட்டுப் பிழைப்புக்கும்) நடுவே பிள்ளை வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி (சின்னப்பாலம்): கடல்பாசி எடுக்கக் காலையில போனா மதியம்தான் வருவேன். பையனுக்கு ஏழு மாசம், மாமியார் பார்த்துக்கிறாங்க. பாலைப் பீய்ச்சி வச்சுட்டுப் போகலாமா? வந்ததும், "வெயில்ல காய்ஞ்ச பால் சூடு, கொஞ்சம் கொட்டிட்டுக் கொடு"ங்கிறாங்க.

பதில்: கொட்டாதீங்க தங்கச்சி. வெயிலில் நின்றாலும் கடலில் நின்றாலும் மார்பில் இருக்கிற பால் கெடாது. மேலில் ஒட்டின உப்பை நல்ல தண்ணியில் கழுவிட்டு, ஒரு செம்புத் தண்ணி குடிச்சிட்டுப் பிள்ளையை எடுத்துக்கலாம்.

பீய்ச்சி வைக்கிற பாலுக்குத்தான் கவனம் வேணும். சோப்புப் போட்டுக் கை கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் டம்ளரில் பீய்ச்சி மூடுங்க. 25 டிகிரியில் 4 மணி நேரம் தாங்கும். நம்ம கரையில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே அதைவிடச் சூடு. 3 மணி நேரத்தோடு நிறுத்திக்கோங்க. ஃபிரிட்ஜ் இருந்தால் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைங்க. கரண்ட் போகாமல் இருந்தால் 4 நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது டம்ளரை வெந்நீரில் இறக்கி வைத்தால் போதும், அடுப்பில் ஏற்ற வேண்டாம். பாட்டில் வேண்டாம், பால் புகட்டுற பாலாடைச் சங்கு போதும். வாய் வைத்த மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது.

மேலே ஆடை மாதிரி பிரிந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரிந்துபோச்சு என்று மாமியார் கொட்டிவிடுவாங்க, முன்கூட்டியே சொல்லி வைங்க. லேசா ஆட்டினால் கலந்துவிடும்.

ஏழு மாசத்துக்குப் பால் மட்டும் பத்தாது. குழைந்த சோறு, பருப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், முள் எடுத்த மீன், ஒரு நாளைக்கு 2, 3 வேளை. வேளைக்கு 2, 3 பெரிய கரண்டியில் தொடங்கி அரை டம்ளர் வரை கூட்டலாம். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத பதம் இருக்கணும். உப்பும் சர்க்கரையும் ஒரு வயசு வரை வேண்டாம்.

கேள்வி (தங்கச்சிமடம்): மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீட்டுலதான். ஒன்றரை வயசு மக என்கிட்ட வந்தாலே அம்மான்னு அழறா. நான் உதவி பண்ணப் போனா வீட்டுக்காரிக்கு வேலை கூடுது.

பதில்: 'உதவி'ன்னு நினைக்கிறதுதான் சிக்கல், தம்பி. ஒரு வேலையை முழுசா உங்க வேலையா எடுத்துக்கோங்க. குளிப்பாட்டுறது நல்ல ஆரம்பம். முதல் ரெண்டு மூணு நாள் அம்மா பக்கத்தில் உட்காரட்டும், தண்ணியை நீங்க ஊத்துங்க. பிறகு அவங்க வாசலுக்கு, அப்புறம் அடுப்படிக்கு. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்க, உள்ளங்கை மரத்துப்போனது, சூடு தெரியாது. கால், உடம்பு, கடைசியில் தலை. தினமும் அதே வரிசை. அடுத்து என்னன்னு தெரிந்தால் பிள்ளை பாதி அடங்கிவிடும். அடுப்படியிலிருந்து "அப்படி இல்ல, இப்படி"ன்னு குரல் வரக் கூடாது. சோப்பு ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் போகட்டும்.

இந்த வயசில் அம்மாவைத் தேடுறது இயல்பு, உங்களைப் பிடிக்கலைன்னு அர்த்தம் இல்லை. படகு கடலில் இறங்க ஆரம்பித்த பிறகு, தூங்கும்போது நழுவிப் போகாதீங்க. முந்தின ராத்திரியே "அப்பா கடலுக்குப் போய்ட்டு வர்றேன்"னு சொல்லிடுங்க. கரை வந்த அன்றைக்குக் குளியல் மறுபடி உங்க கையில்தான்.

கேள்வி (வாலிநோக்கம்): ரெண்டு வயசுப் பேரனுக்கு வயித்தோட்டம். ஓ.ஆர்.எஸ். உப்புத் தண்ணிதானே, கிணத்துத் தண்ணியிலயே கரைச்சா என்ன?

பதில்: கூடவே கூடாதும்மா. பாக்கெட்டில் உப்பு அளந்து வைத்திருக்கு. உங்க கிணத்து உவர்த் தண்ணியில் கரைத்தால் அளவு மீறிப் பிள்ளைக்கு ஆபத்தாகும். காய்ச்சினாலும் உப்பு போகாது, தண்ணி வற்ற வற்ற ஏறத்தான் செய்யும். காவிரித் தண்ணியோ கேன் தண்ணியோ 1 லிட்டருக்கு முழுப் பாக்கெட். பாதி பாக்கெட், உத்தேச அளவு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறை போன பிறகும் 100 மில்லி போல, ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி வந்தால் 10 நிமிஷம் விட்டு இன்னும் மெதுவா. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. சோற்றை நிறுத்தாதீங்க. துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், தினம் ஒன்று, வயிறு சரியானாலும் 14 நாள். ரெண்டுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், கண் குழி விழுந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் 108.

கேள்வி (கீழக்கரை): அவங்க சபர்ல இருந்து வந்து நாலு நாளாச்சு. போன்ல வாப்பா வாப்பான்னு கொஞ்சுற மக, நேர்ல என் பின்னாடி ஒளியுறா.

பதில்: போனில் பார்த்தது கையளவு முகம். இப்போ வாசனையும் உயரமும் குரலும் புதுசு, ராத்தா. அவங்க தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு விளையாடட்டும், தூக்க வேண்டாம். சாக்லேட் காட்டிக் கூப்பிடவும் வேண்டாம். ரெண்டு வாரம் ஆனாலும் ஆகட்டும். முக்கியமா, "வாப்பாகிட்ட சொல்லிடுவேன்"னு மிரட்டுறதை வீட்டில் எல்லாரும் விடணும்.

கேள்வி (பாம்பன்): பால்சுறா புட்டு சாப்பிட்டா பால் ஊறுமா?

பதில்: பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சுறா பெரிய மீன், பாதரசம் சேர்ந்திருக்கும். பால் கொடுக்கிறவங்களும் சின்னப் பிள்ளைகளும் தவிர்ப்பது நல்லது. காரல், நெத்திலி, சாளை போதும், விலையும் குறைவு. கருவாடு பிள்ளைக்கு இப்போ வேண்டாம், அதில் உப்பு மிக அதிகம்.