ஆட்டுக் குடல்ல எந்த நரம்பு செல் எந்த வகைன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கேள்வி: மேலூர்ல இருந்து தினமும் மதுரைக்கு வந்து எம்.எஸ்சி விலங்கியல் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார். செம்மறி ஆட்டுக் குடல்ல நரம்பு செல் வகைகள்னு ப்ராஜெக்ட். கறிக்கடையில குடல் வாங்கி, பாரஃபின் மெழுகுல வச்சு வெட்டி, எச் அண்ட் ஈங்கிற வழக்கமான சாயம் ஏத்தி ஸ்டெயினும் பண்ணிட்டார். ரெண்டு தசை அடுக்குக்கு நடுவுல கும்பல் கும்பலா செல் தெரியுது, ஆனா எது டோகியல் 1, எது டோகியல் 2ன்னு பிடிபடல, குறிப்பிட்ட செல்லை மட்டும் பிடிச்சுக் காட்டுற ஆன்டிபாடி வாங்க காசும் கம்மி, என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, உங்க பார்வையில குறை எதுவும் இல்ல, அந்த ஸ்லைடுல அது தெரியவே தெரியாது. டோகியல்ங்கிற விஞ்ஞானி 1890-கள்ல மெத்திலீன் ப்ளூ ஏத்தி முழு செல்லையும் கிளையோட பார்த்து பிரிச்ச வகை அது. முதல் வகைக்கு குட்டையா தட்டையா நிறைய டென்ட்ரைட் (சேதி வாங்குற கிளை), ஒரே ஒரு ஆக்ஸான் (சேதி அனுப்புற கிளை). ரெண்டாவது வகைக்கு உடம்பு வழவழன்னு உருண்டையா பெருசா இருக்கும், அதுல இருந்து நீளமா பல கிளை கிளம்பும். நீங்க அஞ்சு மைக்ரான்ல வெட்டும்போது இந்தக் கிளையெல்லாம் துண்டு துண்டா போயிருது, அப்புறம் வகையை எதை வச்சு சொல்றது?

இருந்தாலும் அந்த ஸ்லைடை தூக்கிப் போடாதீங்க. நரம்பு செல் எது, அதுக்குத் துணையா நிக்கிற கிளியா செல் எதுன்னு அதுல நல்லாவே பிரிக்கலாம். பெரிய வெளிறின நியூக்ளியஸ், உள்ள தெளிவா ஒரு நியூக்ளியோலஸ், சுத்தி ஊதாவா சைட்டோப்ளாசம் இருந்தா நியூரான். பக்கத்துல சின்னதா கறுப்பா நியூக்ளியஸ் மட்டும் தெரியறது பெரும்பாலும் கிளியா. கண்ணு இதுக்குப் பழகிருச்சுன்னா அடுத்த வேலை சுலபம்.

அடுத்த வேலை ஹோல் மவுண்ட். குடலை குறுக்கா வெட்டாம, பிரிச்சு விரிச்சு, அடுக்கடுக்கா உரிச்சு நரம்புப் பின்னலை படுக்க வச்சு பார்க்கிறது. இதுக்கு முதல்ல சரியான குடல் வேணும், பாதி ப்ராஜெக்ட் இங்கதான் கெடுது. கடையில சாதாரணமா தர்ற குடல் வெந்நீர்ல போட்டு சுரண்டினதா இருக்கும், அது குழம்புக்கு சரி, நமக்கு ஆகாது. விடியக்காலம் அறுக்கிற நேரத்துக்கே போய் நின்னு, கழுவாத குடல் வேணும்ணேன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. செம்மறியா வெள்ளாடான்னு தோலைப் பார்த்தோ கடைக்காரர்ட்ட கேட்டோ உறுதி பண்ணி நோட்டுல எழுதுங்க, வயசும் கேட்டு எழுதுங்க. நம்மூர் வெயில்ல குடல் ரொம்ப சீக்கிரம் அழுகத் தொடங்கும், அதனால ஐஸ் வச்ச ஃப்ளாஸ்க்ல குளிர்ந்த பிபிஎஸ் (உப்பு பஃபர் கரைசல்) கொண்டு போய் அங்கனயே போட்டுருங்க. கிளவுஸ் கட்டாயம். துறையில எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு லெட்டரும் குடுத்து வைங்க.

எந்த இடம்னா சிறுகுடலோட நடுப்பகுதி, அதாவது ஜெஜுனம் எடுங்க. சிறுகுடலோட கடைசிப் பகுதியான இலியம் வேணாம்னு நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. இளம் செம்மறிக்கு இலியத்தோட கடைசிப் பகுதி முழுக்க பேயர்ஸ் பேட்ச்ங்கிற எதிர்ப்பு சக்தித் திசு பரவிக் கிடக்கும், பி செல் உருவாகிற முக்கியமான இடமே அதுதான், ஆடு வளர வளரத்தான் அது சுருங்கும். கறிக்கு வர்றது நிறைய இளசு, அதுல சப்மியூகோசாவை (உள் சவ்வுக்குக் கீழ இருக்கிற அடுக்கு) பிரிச்சா லிம்ஃபாய்டு திசுதான் கையில வரும், நரம்புப் பின்னல் கிடைக்காது.

குடலை மெசென்டரி (குடலைப் பிடிச்சு வச்சிருக்கிற சவ்வு) ஒட்டின ஓரமா நீளத்துல வெட்டி, பிபிஎஸ்ல அலசி, மெழுகு ஊத்தின தட்டுல நல்லா இழுத்து பின் குத்துங்க. சுருங்கின குடல்ல கேங்லியான் (நரம்பு செல் கும்பல்) எல்லாம் மடிஞ்சு போய் ஒண்ணுமே புரியாது. நாலு சதவீத பாராஃபார்மால்டிஹைடு, புதுசா கலக்கினது, 4 டிகிரியில ஒரு ராத்திரி. மறுநாள் பிபிஎஸ்ல பல தடவை கழுவிட்டு, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்புக்குக் கீழ மியூகோசாவை, அதாவது உள் சவ்வை உரிங்க, அடுத்து சப்மியூகோசாவை, அப்புறம் வட்டத் தசையை கீத்து கீத்தா. மிச்சம் நிக்கிறது நீளத் தசையும் அதுமேல ஒட்டின மையென்டெரிக் ப்ளெக்ஸஸும் (ரெண்டு தசைக்கும் நடுவுல இருந்த நரம்புப் பின்னல்). ஆட்டுக்கு வட்டத் தசை, ஆய்வகத்துல வழக்கமா எடுக்கிற கினி பன்றியை விட தடிமன், பொறுமையா உரிக்கணும், முதல் ரெண்டு மூணு துண்டு கிழியும், பரவாயில்ல. இன்னொண்ணு, ஆடு மாதிரி பெரிய விலங்குக்கு சப்மியூகோசல் பின்னலே ரெண்டு தட்டா இருக்கும், தசைப் பக்கம் ஒண்ணு, மியூகோசா பக்கம் ஒண்ணு. கினி பன்றி படத்தை வச்சுக்கிட்டு ஒண்ணுதான்னு எண்ணிராதீங்க.

இப்ப காசு விஷயம். ஆன்டிபாடி இல்லாமலே ஒரு வகையை தெளிவா காட்ட முடியும், என்ஏடிபிஎச் டயாஃபரேஸ் ஸ்டெயின். பீட்டா என்ஏடிபிஎச் மில்லிக்கு 1 மில்லிகிராம், நைட்ரோ ப்ளூ டெட்ரஸோலியம் 0.25 மில்லிகிராம், ட்ரைட்டான் 0.3 சதவீதம், 0.1 மோலார் ட்ரிஸ் பஃபர், பிஎச் 8. 37 டிகிரியில, இருட்டுல, அரை மணியில இருந்து ஒரு மணி நேரம், நடுவுல நடுவுல எடுத்துப் பாருங்க. நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிற செல் மட்டும் கருநீலமா எழும்பி வரும், டென்ட்ரைட் கூட தெரியும், அதுல டோகியல் 1 உருவத்தை நீங்களே கண்ணால பார்த்துக்கலாம். ஃபிக்ஸ் பண்ணாத திசுல வேற டயாஃபரேஸ் என்ஸைமும் சேர்ந்து நீலமாகும், ஃபார்மால்டிஹைடு அதையெல்லாம் அடக்கிரும், அதனால ஃபிக்ஸேஷன்ல அவசரம் வேணாம். ஒரு துண்டை என்ஏடிபிஎச் சேர்க்காம ஓட்டுங்க, அது கன்ட்ரோல். ரத்தக்குழாய் சுவரும் கொஞ்சம் நீலமாகும், அதை எண்ணக்கூடாது.

மொத்த நியூரான்ல இது எத்தனை சதவீதம்னு சொல்லணும்னா ஹியு சி/டி ஆன்டிபாடி ஒண்ணு வேணும், அது எல்லா நியூரானையும் காட்டும். காசு புரட்டினா இது ஒண்ணுக்கு செலவு பண்ணுங்க. ஃப்ளோரசன்ஸை முதல்ல படம் எடுத்துட்டு அப்புறமா டயாஃபரேஸ் ஓட்டுங்க, ஏன்னா அந்த நீலப் படிவு ஒளியை மறைச்சிரும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க: செம்மறியிலயோ வெள்ளாட்டுலயோ வளர்த்த முதல் ஆன்டிபாடி வாங்கவே கூடாது. உங்க திசுவே செம்மறி, முதல் ஆன்டிபாடியைப் பிடிச்சு ஒளிர வைக்க போடுற ரெண்டாவது ஆன்டிபாடி, திசுல இருக்கிற ஆட்டோட சொந்த ஆன்டிபாடியான ஐஜிஜியையே பிடிச்சு எல்லா இடமும் பளபளன்னு எரியும். எலியிலயோ முயல்லயோ வளர்த்ததா பாருங்க.

கடைசியா பேர் வைக்கிறது. நீலமா இருக்கிறதை எல்லாம் தசையைத் தளர்த்துற மோட்டார் நியூரான்னு எழுதிராதீங்க. கினி பன்றியில கீழ்நோக்கிப் போற இன்டர்நியூரான்லயும் (நியூரானுக்கு நியூரான் சேதி கடத்துறது) நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிற அதே என்ஸைம் இருக்கு. கால்பிண்டின்ங்கிற புரதம் கினி பன்றியில டோகியல் 2ஐ அழகா காட்டும், ஆனா சாதாரணப் பன்றிக் குடல்ல அந்த வேலைக்கு அது உதவாது. ஒரு விலங்கோட கெமிக்கல் கோடை (எந்த வகை செல்லுல எந்த ரசாயனம்ங்கிற கணக்கு) அப்படியே இன்னொண்ணுக்கு தூக்கிட்டுப் போக முடியாது, உருவம், ரசாயனம், கிளை எங்க போகுது, மூணும் சேர்ந்தாத்தான் வகை. உங்க கையில இப்ப இருக்கிறது முதல் ரெண்டும்தான், அதனால தீசிஸ்ல "டோகியல் 1 உருவமுள்ள, டயாஃபரேஸ் பாசிட்டிவ் நியூரான், ஜெஜுனம் மையென்டெரிக்"னு எழுதுங்க, வைவாவுல யாரும் அதை அசைக்க முடியாது. எண்ணிக்கையை ஆடு வாரியா தனித்தனியா குடுங்க, ஒரே ஆட்டுல நூறு கேங்லியான் எண்ணினாலும் அது ஒரு ஆடுதான்.